அம்புத்தலை எந்தப் பக்கம்

என் மச்சாள் அன்ரோனெற்றைப் பள்ளிமுனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஸ்ஸி என்றால் அவர்தான். கந்தோர்க் கடிதங்களில் குடும்பநல உத்தியோகத்தர் என்று எழுதுவார்கள்; அவ்வளவு நீளமாகக் கூப்பிட எங்கள் கடற்கரையில் யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை தாயும் பிள்ளையும் மச்சாளின் பொறுப்பு. என் அண்ணன் அமிர்தநாயகம் கடலுக்குப் போகிறவர், நல்ல தொழிலாளி. அவரைக்கூட இப்போது மிஸ்ஸியின் மனிசன் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அதற்கு அவர் கோபப்படுவதில்லை. அவருக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன்.

நான் நிறஞ்சலா. மன்னார் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். அண்ணன் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. படலை இருந்தும் மச்சாள் பொட்டாலேதான் வருவார். படலையைத் திறந்தால் சத்தம் கேட்டு ஒழுங்கையில் போகிற யாராவது ஒரு பிள்ளைத்தாச்சி பிடித்துக்கொள்வாள்.

கிளினிக் அறைச் சுவரில் மச்சாள் தன் கையால் வரைந்த ஊர்ப்படம் ஒன்று தொங்குகிறது. கோயில், கடற்கரை, ஒழுங்கைகள், வீடுகள் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் மஞ்சள் குண்டூசி, கவனமாகப் பார்க்க வேண்டியவள் என்றால் சிவப்பு, பிள்ளை பிறந்து வீடு வந்துவிட்டால் பச்சை. மஞ்சளைப் பிடுங்கிவிட்டுப் பச்சையைக் குத்தும்போது மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்த மாதிரி இருக்கும்.

அதைக் கருப்பொருள் வரைபடம் என்று சொல்வார்கள் என்று நான் ஒருநாள் சொன்னபோது சிரித்தார். சாதாரண வரைபடம் வீதியையும் குளத்தையும் கோயிலையும் எல்லாவற்றையும் காட்டும். கருப்பொருள் வரைபடம் ஒரே ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே எவ்வளவு என்று மட்டும் சொல்லும். மழையாக இருக்கலாம், நெல்லாக இருக்கலாம். மச்சாளின் சுவரில் பிள்ளைத்தாச்சிகள்.

போன வருடம் சுகாதாரக் கந்தோரில் ஒரு புதிய டொக்டர் வந்தார். ஒவ்வொரு மிஸ்ஸியும் தன் பிரிவைப் பற்றி வெவ்வேறு விதமான படங்கள் வரைந்து கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஒரே விடயத்தை வேறு வேறு விதமாக வரைந்தால் வேறு வேறு உண்மை தெரியும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். மச்சாள் அன்றே திரேசிங் பேப்பர் சுருளோடு பொட்டால் நுழைந்தார்.

“நிறஞ்சி, நீ பெட்டையளுக்குப் படிப்பிக்கிறதை எனக்கும் ஒருக்காப் படிப்பி.”

“அடிக்கலாமோ?” என்று கேட்டேன்.

“படம் பிழைச்சா அடி.”

என் மேசையில் வேலை தொடங்கியது. முதலில் புள்ளிப் படம். அது சுலபம், குண்டூசிக்குப் பதிலாகப் புள்ளி. எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு புள்ளி என்றால் நூறு பேர், சில படங்களில் ஆயிரம் பேர் என்று சொன்னேன்.

“அப்ப பத்துப் பேர் இருக்கிற இடத்துக்கு?”

“புள்ளி விழாது.”

“இருக்கிற சனத்தை இல்லையெண்டு சொல்லுறதோ? என்ர படத்திலை ஒரு புள்ளிக்கு ஒரு ஆள்.”

அடுத்தது நிழற்றிய படம். ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, பிறப்பு கூடிய பகுதிக்குக் கடும் நிறம், குறைந்த பகுதிக்கு வெளிர் நிறம். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு உடனே விளங்கும். மச்சாளுக்கு அது பிடிக்கவே இல்லை. கடற்கரைப் பகுதிக்கு நான் கடும் சிவப்பு அடித்தபோது விரலை ஓர் ஒழுங்கையில் வைத்தார். அந்த ஒழுங்கையில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி இருக்கிறார்கள். “இதுகளின்ர வீட்டுக்கு மேலையும் சிவப்பு அடிச்சுப் போட்டியே, பாவங்கள்” என்றார். நிழற்றிய படத்தின் குறையே அதுதான், பகுதி முழுவதும் ஒரே மாதிரி என்று அது சொல்லும். அதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நான் எத்தனையோ வருடமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறேன்.

பிறகு விகிதசம வட்டங்கள். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளை பிறந்ததோ அந்த அளவுக்கு வட்டம். மன்னாருக்குப் பெரிய வட்டம், வவுனியாவுக்குச் சின்னது, யாழ்ப்பாணத்துக்கு அதைவிடச் சின்னது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற தாம்போதிக்கு நடுவில் ஒரு மிளகளவு வட்டம் போடச் சொன்னார். வவுனியாவுக்கு மாற்றி அனுப்பிய ஒருத்திக்கு அம்புலன்ஸில் அந்த இடத்தில் பிள்ளை பிறந்ததாம். இரண்டு பக்கமும் கடல், காற்று அடிக்குதாம், டிரைவர் இறங்கி நின்று செபமாலை சொன்னாராம்.

சமகோட்டுப் படத்துக்கு அண்ணன் வந்து சேர்ந்தார். ஒரே அளவுள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற கோடு என்று நான் சொன்னதும், “ரெண்டு பாகத் தண்ணி, மூண்டு பாகத் தண்ணி எண்டு நாங்கள் பாக்கிறம், அதுதானே?” என்றார். அதேதான். பிறகு கடலின் ஆழங்களைச் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. மச்சாள் அவரைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, பிள்ளை பெறுவதற்கு ஆழக்கோடு வேண்டாம் என்று அந்தத் தாளைச் சுருட்டி வைத்தார்.

கடைசியாகப் பாய்ச்சல் படம். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறியால் காட்டுவது. மச்சாளுக்குத் தன் குண்டூசிப் படத்தில் நெடுநாளாக ஒரு குறை இருந்தது. ஊசியைக் குத்தினால் அது குத்தின இடத்தில் நிற்கும், பெண் நிற்கமாட்டாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். வருவாள் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு தானாக வருவதில்லை. தாய் போக வேண்டும். பலகாரம் செய்து கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டில் கதிரையில் இருந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தோம் என்று வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் வருவது பெண்ணுக்கு மரியாதை இல்லை.

யார் மகள் எங்கிருந்து வந்திருக்கிறாள், யார் மருமகள் எங்கே போயிருக்கிறாள் என்பதெல்லாம் மச்சாளுக்கு மனப்பாடம். சரசரவென்று பென்சிலால் கீறினார். எருக்கலம்பிட்டிப் பக்கம் போனது, பேசாலையிலிருந்து வந்தது, நானாட்டானிலிருந்து வந்தது. மையால் கீறுவது என் வேலை. தாளை என்னிடம் தந்துவிட்டுச் சனிக்கிழமைப் பின்னேரப் பூசைக்குப் போனார்.

நான் ஒவ்வொரு அம்பாக மை போட்டுக்கொண்டு வந்தேன். தாளின் கிழக்கு ஓரத்தில், பெரியமடு இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு கோடு வந்தது. மற்றக் கோடுகளை அழுத்திக் கீறியிருந்தவர் இதைப் பட்டும் படாமலும் கீறியிருந்தார். தாம்போதியைக் கடந்து, கோயிலைச் சுற்றி, அது எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றது.

பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அது டிலோஜினி, அவர்களுடைய ஒரே பிள்ளை.

டிலோஜினி கணினி படிக்கப் போன இடத்தில் டிலக்‌ஷனை விரும்பிக் கட்டியவள். அவன் வீட்டார் மலைநாட்டிலிருந்து வந்து பெரியமடுவில் குடியேறி வயல் செய்கிறவர்கள். நல்ல சனம். டிலோஜினி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாத் தாய்மாரும் போய்த் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்த மச்சாள் மட்டும் போகவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் “போவம், போவம்” என்பார்.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று அறிந்து நாங்கள் முதல்முறை பெரியமடுவுக்குப் போனபோது டிலோஜினி சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். “உங்கட வீட்டை வந்தா என்னை ஆர் பாக்கிறது? அப்பா கடலிலை, நீங்கள் ஆரின்ரயோ வீட்டிலை.” எல்லாரும் சிரித்தோம். மச்சாளும் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “அவள் சொன்னது சரிதானே நிறஞ்சி” என்றார். 

டிலோஜினி கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த படம் இன்னும் அண்ணன் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு பிள்ளை, பக்கத்தில் அண்ணன், மற்றப் பக்கம் நான். தாய் இல்லை. கேக் வெட்டுகிற நேரத்தில் படலையில் ஒருவர் வந்து நின்று மிஸ்ஸி என்றார். சண்டைக்காலம், வீதியெல்லாம் தடை, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மச்சாள் பையைத் தூக்கிக்கொண்டு போனார். போகாமல் என்ன செய்வது? அன்றைக்குப் பிறந்தவள் இப்போது வளர்ந்து குமராகி எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். அவளைக் கண்டால் டிலோஜினி இன்றைக்கும் மற்றப் பக்கம் பார்ப்பாள்.

ஆனால் டிலோஜினிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவள் பிறந்தது மடுக் கோயிலடியில், இடம்பெயர்ந்தவர்கள் இருந்த முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள். மச்சாளின் தாய் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில் ஒரு முகாமில் இருந்தார். தலைப்பிள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தாயும் இல்லை, போக வீடும் இல்லை. பெயர் தெரியாத ஒரு மருத்துவிச்சி விடியும்வரை மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். அந்தக் கையை நினைத்துத்தான் மச்சாள் இந்த வேலைக்கே போனார். தன் பிள்ளைக்கு ஒரு தாய்வீடு கொடுக்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

வரைபடத்தில் நடந்ததை மட்டும்தான் கீறலாம். நடக்க வேண்டும் என்று நினைப்பதற்குக் குறிவிளக்கத்தில் ஒரு குறியும் கிடையாது. இதைப் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிற நான், பேனையை எடுத்து அந்தப் பெரியமடுக் கோட்டுக்கும் மை போட்டேன். தெரிந்துதான் போட்டேன். தலையை நல்ல கறுப்பாக, வாசலைத் தொட்டுக்கொண்டு கீறினேன். அண்ணனின் தங்கைக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா?

கூட்டம் முடிந்து மச்சாள் வந்த வேகத்தில் வேலிப் பொட்டில் சீலை கிழிந்தது.

“ஏன்டி உதுக்கு மை போட்டனீ?”

“கீறினது ஆர்?”

“பென்சிலாலை எல்லோ கீறினனான்!”

நடந்ததை விக்கி விக்கிச் சொன்னார். டொக்டர் அம்புகளைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாராம். பெரியமடுப் பக்கத்து மிஸ்ஸி வேணுஜா எழும்பி, “பெரியமடுவிலை இருந்து உங்கட வீட்டை வாறது டிலோஜினிதானே மிஸ்? நல்லது, நான் அவவோடை கதைச்சு எல்லாம் ஒழுங்கு செய்யிறன்” என்றாளாம். நான் சுருட்டிக் கொடுத்ததை விரித்துப் பார்க்காமலே கொண்டுபோன மச்சாள் அப்போதுதான் மையைக் கண்டிருக்கிறார். அத்தனை பேருக்கு முன்னால், அது நடக்கவில்லை, என் ஆசைதான் என்று எப்படிச் சொல்வது?

“ஓம் எண்டு தலை தானா ஆடிப்போச்சு, நிறஞ்சி.”

“இப்பவாவது போய்க் கேளுங்கோவன் மச்சாள்.”

“கேட்டு அவள் மாட்டன் எண்டு சொன்னா? கேக்காமல் இருந்தா அவள் வந்தாலும் வருவாள் எண்டு நினைச்சுக்கொண்டெண்டாலும் இருக்கலாம்.”

ஊரெல்லாம் தைரியம் சொல்கிற மனுசி என் குசினி வாசலில் இருந்து அழுதார். திட்டத்தான் நினைத்தேன், முடியவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

அடுத்த கிழமை டிலோஜினி எனக்குத்தான் போன் எடுத்தாள். “மாமி, அம்மா என்னைக் கூப்பிடுறாவாம். வேணுஜா மிஸ் கிளினிக்கிலை வைச்சுச் சொல்லுறா. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது.” கோபமாகத்தான் தொடங்கினாள். போகப்போகக் குரல் உடைந்தது. “இஞ்ச இவரின்ர அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறா, உங்கட அம்மா எப்ப வருவா எண்டு. நான் என்ன சொல்லுறது? வேலை கூட எண்டு சாட்டுச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. ஆர் ஆருக்கோ கீறிக் காட்டினவா, என்னட்டை வாயாலை ஒரு சொல்லுக் கேட்டவாவோ?”

 போனை வைத்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், பணியாரத்துக்குப் பயறு வறுக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மூன்று பேரும் புறப்பட்டோம். மச்சாளிடம் பயத்தம் பணியாரப் பெட்டி, அண்ணனிடம் ஐஸ் போட்ட பாரை மீன், என்னிடம் இரண்டு பேரையும் திரும்பிப் போகவிடாமல் கொண்டுசேர்க்கிற பொறுப்பு. பஸ்ஸால் இறங்கிய சந்தியில் டிலக்‌ஷன் லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தோடு நின்றான். பின்னால் பூட்டியிருந்த பெட்டியில் ஒரு பாயை விரித்து எங்களை ஏற்றிப் போனான்.

சம்பந்தி அழகையா முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார். அவர் மனைவி செபஸ்தியம்மா ஓடிவந்து மச்சாளின் கையைப் பிடித்தார். “வாங்க சம்பந்தி, வாங்க. புள்ள காலையில இருந்து வழியையே பாத்துக்கிட்டு இருக்கு.” டிலோஜினிக்காகப் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த அறையைக் காட்டினார். இரண்டு கட்டில் கிடந்தது. மற்றது டிலக்‌ஷனுக்கு என்று நினைத்தேன்.

டிலோஜினி கதிரையில் இருந்தாள். மச்சாள் பலகாரப் பெட்டியை வைத்தார், தண்ணி குடித்தார், வாய் திறக்கவில்லை. குனிந்து மகளின் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறாயா என்று கேட்டார்.

“அம்மா, நீங்கள் மிஸ்ஸியாவோ வந்தனீங்கள்?” என்றாள் டிலோஜினி.

மச்சாள் கையை எடுத்துவிட்டார். அப்படியே மகளின் காலடியில், மண் நிலத்தில் இருந்தார்.

“இல்லைப் பிள்ளை. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். எங்கட வீட்டை வருவியோ?”

“வரமாட்டன்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். செபஸ்தியம்மா வாயில் சீலைத்தலைப்பை வைத்தார். மச்சாள் ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. அதற்குள் டிலோஜினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கள் வாயாலை கேட்டதே எனக்குப் போதும். ஆனா அங்கை வந்தா படலையிலை ஒருத்தி வந்து மிஸ்ஸி எண்டுவாள். நீங்கள் போவியள். போகாட்டிலும் உங்கட மனம் போயிடும். நான் உங்களைப் போகவேண்டாம் எண்டு சொல்லேலாதம்மா, அதுகளும் பாவங்கள்தானே. நீங்கள் லீவு போட்டிட்டு இஞ்ச வாங்கோ. இஞ்ச உங்களை ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச நீங்கள் எனக்கு மட்டும் அம்மா.”

“அந்த ரெண்டாவது கட்டில் உங்களுக்குத்தாங்க சம்பந்தி” என்றார் செபஸ்தியம்மா. “புள்ள சொல்லித்தான் போட்டோம். எப்பவோ போட்டாச்சு.”

மச்சாள் மகளின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார்.  பிறகு அண்ணன் தொண்டையைச் செருமி, “அப்ப என்ர சோறு?” என்று கேட்டார். வேலிப் பொட்டு இருக்குது வாங்கோ என்றேன்.

மச்சாள் அந்த வேலையில் சேர்ந்த பிறகு எடுத்த முதல் நீண்ட லீவு அதுதான். போவதற்கு முதல்நாள் பாய்ச்சல் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். “பெரியமடு அம்பின்ர தலையை மாத்து” என்றார். மையால் கீறியதை அழிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் வெள்ளை மையால் எங்கள் வாசலில் நின்ற தலையை மறைத்துவிட்டு, மற்ற நுனியில் புதிதாய் ஒன்று கீறினேன். கோடு அதே கோடுதான்.

அவர் போன பிறகு படலையில் எத்தனையோ பேர் வந்து நின்றார்கள். “மிஸ்ஸி இல்லை, அவ மகளோடை நிக்கிறா, பதிலுக்கு வந்த மிஸ்ஸியிட்டைப் போங்கோ” என்று சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது.

பிள்ளை மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் பிறந்தது. பெண் பிள்ளை. மச்சாள் போன் எடுத்தபோது நான் வழக்கம்போலக் கேள்விகளை அடுக்கினேன். நிறை என்ன, எத்தனை மணிக்கு, பிரஷர் எப்படி?

“எனக்கு ஒண்டும் தெரியாது, நிறஞ்சி” என்றார் மச்சாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. “நான் ஒண்டும் பாக்கேல்லை. தெரிஞ்ச நேர்ஸ், உள்ளை விட்டவா. நான் மகளின்ர கையை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

பிள்ளை பெரியமடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாள், பள்ளிக்கூடம் விட்டதும் கிளினிக் அறைக்குப் போனேன். மச்சாளின் ஊர்ப்படத்தில் பெரியமடு இல்லை, அது தாம்போதியோடு முடிந்துவிடும். பெட்டியிலிருந்து ஒரு பச்சைக் குண்டூசியை எடுத்து, படத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கத்துச் சுவரில் குத்தினேன். சுவர் சீமெந்து. இரண்டு ஊசி வளைந்தது, மூன்றாவது நின்றது.